மின் நிலையத்துக்குள் நீராவி எஞ்சின் எதற்கு?

காப்பார்வாசி:
வணக்கம். மலேசியாவில் எங்கள் காப்பார் அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி கப்பலில் வந்து, அங்கிருந்து கன்வேயரில் உள்ளே போகிறது. ஆனால் இங்கிலாந்தின் பழைய மின் நிலையப் படங்களில் சிறிய நீராவி எஞ்சின்களே கரிப் பெட்டிகளை இழுக்கின்றன. மின்சாரம் பிறக்கும் இடத்திலேயே மின்சார எஞ்சினை ஏன் ஓட்டவில்லை? அவற்றுள் சில நெருப்பே இல்லாமல் ஓடின என்கிறார்களே, அது எப்படி?

தண்டவாளப் பிரியர்:
மின்சார எஞ்சின் ஓட்டிய நிலையங்களும் உண்டு. மான்செஸ்டருக்கு அருகிலிருந்த கியர்ஸ்லி அவற்றுள் ஒன்று. ஆனால் பெட்டிகளைக் கவிழ்க்கும் இயந்திரமும் கிரேன்களும் நெருங்கி நிற்கும் முற்றத்தில் தலைக்கு மேல் மின்கம்பி கட்டுவது தொல்லை. கரியோ வாசலிலேயே குவிந்து கிடக்கிறது. பெரிய ரயில் விட்டுச்செல்லும் பெட்டிகளைச் சிலசிலவாகப் பிரித்துக் கொட்டுமிடத்துக்குத் தள்ளி, காலிப் பெட்டிகளைத் திரும்ப அடுக்கி நிறுத்துவதே வேலை என்பதால், கூர்மையான வளைவுகளில் திரும்பக்கூடிய, கொதிகலன்மேல் தண்ணீர்த் தொட்டியைச் சேணம்போல் சுமந்த நான்கு சக்கர எஞ்சினே போதுமானதாக இருந்தது.

பாய்லர்காரன்:
இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். செம்பனை ஆலையில் பாய்லர் பார்ப்பவன். எங்கள் ஆலையில் பழக்குலைகளை அவிப்பதற்கு ஏறத்தாழ 3 பார் அழுத்த நீராவி போகிறது. நெருப்பில்லா எஞ்சினுக்கும் நீராவி இப்படித்தான் நிலையத்துப் பாய்லரிலிருந்து குழாய் வழியே வரும், ஆனால் அழுத்தம் இதைவிட மிக அதிகம். எஞ்சினில் பாய்லர் இருக்க வேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் நிரம்பிய, கனமான உறை போர்த்திய கலம் இருக்கும். அந்த நீராவி தண்ணீருக்குள் பாய்ந்து அதைச் சூடாக்கும். 10 பார் அழுத்தத்தில் தண்ணீர் 180 பாகை செல்சியஸ் அளவுக்குப் போன பிறகே கொதிக்கும். எஞ்சின் ஓடும்போது கலத்தின் அழுத்தம் குறையக் குறைய, அந்தச் சூட்டிலேயே தண்ணீரின் ஒரு பகுதி நீராவியாக மாறி உருளைகளுக்குப் போகும். அழுத்தமானி முள் கீழே இறங்குவதைப் பார்த்து, நடுவழியில் நின்றுவிடாமல் நிரப்பும் இடத்துக்குத் திரும்புவதில்தான் ஓட்டுநரின் சாமர்த்தியம். தீப்பொறி பறக்காது என்பதால் கரித்தூள் மிதக்கும் இடத்திலும் அச்சமில்லை. நெருப்புக்குக் கரி தள்ள இன்னோர் ஆளும் வேண்டாம்.

தண்டவாளப் பிரியர்:
இவற்றின் வேலையைப் பறித்தது மின்சாரம் அன்று. 1965 முதல் பிரிட்டனில், சுரங்கத்திலிருந்து வரும் முழு ரயிலும் பிரிக்கப்படாமல், நிற்காமல் மெதுவாக நகர்ந்தபடியே பெட்டிகளின் அடிவழியாகக் கரியைக் கொட்டிவிட்டுத் திரும்பும் முறை வந்தது. பெட்டிகளைப் பிரித்துத் தள்ளும் வேலையே இல்லாமல் போயிற்று. நம் சிலாங்கூரின் பத்து ஆராங் என்ற ஊரிலிருந்த நிலக்கரிச் சுரங்கமே 1960இல் மூடப்பட்டதால், அந்தக் காட்சி இங்கே இன்னும் முன்பே முடிந்துவிட்டது.