ஜெனரேட்டர் வெப்ப உயர்வுச் சோதனை: ஒரு மணி நேர ஓட்டம் போதுமா?

கேள்வி:
வணக்கம். 125 கே.வி.ஏ., 0.8 பவர் ஃபேக்டர், எஃப் வகுப்பு இன்சுலேஷன் கொண்ட ஆல்டர்னேட்டர் (ஜெனரேட்டரில் மின்சாரம் உண்டாக்கும் பகுதி) ஒன்றை ரீவைண்டிங் செய்திருக்கிறோம், அதாவது அதன் செம்புக் கம்பிச் சுருளை (வைண்டிங்) புதிதாகச் சுற்றியிருக்கிறோம். ரெசிஸ்டிவ் லோட் பேங்கில் (மின்தடைகளால் ஆன சோதனைச் சுமை) 100 கிலோவாட் சுமையேற்றி ஒரு மணி நேரம் ஓட்டியபின், இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ஸ்டேட்டர் (சுழலாத வெளிப்பகுதி) உறையை அளந்ததில் 62 டிகிரி காட்டியது. எஃப் வகுப்பின் வரம்பு 155 டிகிரி என்பதால், வைண்டிங் தேறிவிட்டது என்று சான்று எழுதலாமா?

பதில் 1:
தயவுசெய்து இப்போது எழுத வேண்டாம். உறையின் சூடு, ஸ்லாட்டுக்குள் (ஸ்டேட்டரின் காடிக்குள்) புதைந்திருக்கும் செம்பின் சூடு அல்ல. சுழலும் மின் இயந்திரங்களுக்கான சர்வதேச ஐ.இ.சி. 60034-1 தரநிலைப்படி, வெப்பநிலை மாற்றம் அரை மணி நேரத்துக்கு 1 கெல்வினுக்கு மேற்படாத நிலை வரும்வரை ஓட்ட வேண்டும். இந்த அளவு இயந்திரத்துக்கு அது பெரும்பாலும் பல மணி நேரம் பிடிக்கும். செம்பின் வெப்பநிலையை அதன் மின்தடையே சொல்லிவிடும். உதாரணமாக, இரவு முழுவதும் நிறுத்தி வைத்த வைண்டிங் 30 டிகிரியில் 20.0 மில்லிஓமும், ஓட்டத்துக்குப் பின் 26.0 மில்லிஓமும் காட்டினால், 30 உடன் செம்புக்கான மாறிலியான 235-ஐக் கூட்டி, இரு மின்தடைகளின் விகிதமான 1.3 ஆல் பெருக்கி, மீண்டும் 235-ஐக் கழிக்க வேண்டும், 109.5 டிகிரி வரும். உள்ளே போகும் காற்று 38 டிகிரி என்றால் உயர்வு 71.5 கெல்வின். ஒப்பிட வேண்டியது இந்த உயர்வைத்தான். எஃப் வகுப்புக்கு அதன் வரம்பு 105 கெல்வின். மின்தடை தருவது சராசரி மட்டுமே என்பதால், அதைவிடச் சூடான இடங்களுக்காக, 40 டிகிரி காற்றும் 105 உயர்வும் சேர்ந்த 145-க்கும் 155 டிகிரி வரம்புக்கும் நடுவே 10 டிகிரி இடைவெளி விடப்பட்டிருக்கிறது.

பதில் 2:
சுமையின் தன்மையையும் பாருங்கள். 400 வோல்ட்டில் முழு மின்னோட்டம் ஏறத்தாழ 180 ஆம்பியர்; உங்கள் ரெசிஸ்டிவ் சுமையில் 144 ஆம்பியர்தான் ஓடியிருக்கும். செம்பு இழப்பு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்ததால், ஸ்டேட்டர் அதன் முழு இழப்பில் 64 சதவீதத்தையே சந்தித்திருக்கிறது. எனக்கு அதைவிடக் கவலை தருவது ரோட்டர் (சுழலும் உட்பகுதி): 0.8 லேக்கிங் சுமையில் (மின்னோட்டம் வோல்டேஜுக்குப் பின்தங்கும் சுமை) வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க, ரோட்டரைக் காந்தமாக்கும் ஃபீல்டு மின்னோட்டம் கணிசமாகக் கூடும். அந்தச் சூட்டை உங்கள் சோதனை தொடவே இல்லை. இண்டக்டிவ் லோட் பேங்கையும் (சுருள்களால் ஆன சுமை) சேர்த்து ஓட்டுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இயந்திரம் முழுவதும் நின்று, ஏ.வி.ஆர். (வோல்டேஜைத் தானே சீராக்கும் கருவி) இணைப்பைக் கழற்றி, கிளிப் மாட்டி முதல் அளவை எடுக்க எங்களுக்கு 2 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் வைண்டிங் ஆறிவிடாதா?

பதில் 1:
ஆறும். 50 முதல் 200 கே.வி.ஏ. வரையிலான இயந்திரங்களுக்கு அனுமதி 90 வினாடி. அதைத் தாண்டினால், நிமிடத்துக்கொரு அளவாகத் தொடர்ந்து எடுத்து, குளிர்வுக் கோட்டை வரைந்து, 90 வினாடிப் புள்ளிக்குப் பின்னோக்கி நீட்டி மதிப்பைப் படியுங்கள். மில்லிஓம் மீட்டரின் நான்கு கம்பிகளில் மின்னழுத்தம் அளக்கும் இரண்டையும் லக்கின் (கம்பி முனையில் பொருத்தும் உலோக இணைப்பு) மேல் வைக்காமல் வைண்டிங் முனையிலேயே பிடியுங்கள்; குளிர்ந்த அளவையும் அதே புள்ளிகளில்தான் எடுத்திருக்க வேண்டும். தளர்ந்த ஒரு போல்ட்டின் தொடுதடை, சில கெல்வின் பிழையை எளிதில் நுழைத்துவிடும்.