மடிக்கணினி உறக்கத்திலிருந்து எழவில்லை. விசிறி ஓடுகிறது, திரை இருட்டு

கேள்வி:
விண்டோஸ் 11 உள்ள என் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துத் திறந்தால், பவர் விளக்கு எரிகிறது, விசிறி ஓடும் ஓசையும் கேட்கிறது, ஆனால் திரை இருண்டே கிடக்கிறது. பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்து அணைத்த பிறகுதான் வழிக்கு வருகிறது. சேமிக்காத கோப்பு போனது போனதுதான். முறையாக ஷட்டவுன் செய்த மறுநாளும் சில வேளை இதே நிலைதான். ரீஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு முறைகூட இப்படி ஆனதில்லை. ராம் பழுதாக இருக்குமா?

மறுமொழி 1:
ரீஸ்டார்ட்டில் சிக்கல் இல்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். துப்பு அதில்தான் இருக்கிறது. விண்டோஸ் 8 காலம் தொட்டு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்றொரு வசதி உண்டு. அது இயங்கும்வரை ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அன்று. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும், வன்பொருளை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களும் இருந்த நிலையை டிஸ்கில் எழுதி வைத்து, மறுமுறை அதையே எடுத்து விரிக்கிறது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். ஆகவே ராமைவிட, திரைக் காட்சியைக் கவனிக்கும் கிராஃபிக்ஸ் டிரைவரையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

அடுத்த முறை திரை இருண்டால், பவர் பட்டனுக்குப் போகுமுன் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. பிறகு விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு B விசையையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மீண்டும் தொடங்கும். திறந்திருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

மறுமொழி 2:
கைக்கடிகாரப் பட்டையில் காந்தப் பிடி இருந்தால் அதையும் கவனியுங்கள். மூடி சாத்தியிருப்பதைப் பல மடிக்கணினிகள் காந்த உணரியால் அறிகின்றன; பட்டை அதன் அருகே பட்டாலே திரையை அணைத்துவிடும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கேட்டவர்:
என்னுடையது தோல் பட்டை, அதனால் காந்தம் காரணமில்லை. நேற்றிரவு திரை இருண்டபோது கேப்ஸ் லாக் விளக்கு எரிந்தது. நான்கு விசைகளையும் அழுத்தியதும் ஒரு பீப் ஒலியுடன் திரை திரும்பியது, பாதியில் விட்ட கடிதம் அப்படியே இருந்தது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதிதாக நிறுவிவிட்டேன். கன்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் கட்டம் மங்கிக் கிடந்தது. மேலே கேடயக் குறியோடு இருந்த இணைப்பைச் சொடுக்கிய பிறகே டிக்கை எடுக்க முடிந்தது. இன்று மூன்று முறை மூடித் திறந்தேன், மூன்று முறையும் எழுந்தது. ஷட்டவுனுக்குப் பின் தொடங்கச் சில விநாடி கூடுதலாகிறது, அவ்வளவே.