பேட் நின்றாலும் பாலிஷ் ஆகுமாம்!

கருவண்டி:
வண்டி பெயின்ட்டில் கீறல் எடுக்கும் பாலிஷர் பற்றிய இன்னொரு இழையில் பழையகை எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "டிஏ மெஷினில் பேட் சுற்றினால் என்ன, நின்றால் என்ன, ஆர்பிட் ஓடினால் போதும், கீறல் போய்விடும்" என்கிறார். டிஏ என்றால் பேட் சின்ன வட்டமாக ஆடவும் (அதுதான் ஆர்பிட்), தன்னைத்தானே சுற்றவும் செய்யும் பாலிஷர். புதிதாக மெஷின் வாங்கிய நாலு பேர் அதற்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள். தப்பு. பேட் நின்றுபோனால் வேலை நடக்காது.

என் கறுப்பு வண்டியில் பட்டுத் தெரிந்துகொண்டது இது. கதவில் கைப்பிடிக்குக் கீழே உள்வாங்கிய வளைவு ஒன்று. 15 மிமீ த்ரோ (பேட் ஆடும் வட்டத்தின் குறுக்களவு) மெஷின், 5 இன்ச் ஃபோம் பேட். பேட் ஒட்டியிருக்கும் பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தேன். சமமான இடத்தில் கோடு கண்ணில் நிற்காமல் சுற்றியது. வளைவில் வைத்ததும் அதே இடத்தில் நின்று நடுங்கியது. ஆறு பாஸ், அதாவது ஆறு தடவை, ஓட்டினேன். துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்திவலை மாதிரி மெல்லிய வட்டக் கீறல் (ஸ்விர்ல்) அப்படியே இருக்கிறது. 3 இன்ச் பேடுக்கு மாறினேன், கோடு சுற்ற ஆரம்பித்தது, இரண்டே செட்டில் (காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையை ஒரு தடவை போட்டு ஓட்டுவது ஒரு செட்) கீறல் போய்விட்டது. அதே காம்பவுண்ட், அதே கதவு, அதே கை.

பழையகை:
என் பெயரைத் தலையில் தூக்கி வைத்துத் தனி இழையே போட்டதற்கு நன்றி. மரவேலைக்காரர்கள் வைத்திருக்கும் சதுரத் தாள் சாண்டரைப் பார்த்திருக்கிறீர்களா? அது சுற்றவே சுற்றாது, ஆடுவது மட்டும்தான். மரம் தேயவில்லையா? கணக்கும் சொல்கிறேன். 8 மிமீ த்ரோ என்றால் ஒரு ஆர்பிட்டுக்குச் சுமார் 25 மிமீ. நிமிடத்துக்கு 4000 ஆர்பிட் ஓடினால் 100 மீட்டர். நிமிடத்துக்கு 100 மீட்டர் உரசுகிறது, ஆனால் வெட்டாதாம். சரி, உங்கள் இஷ்டம்.

கருவண்டி:
அந்த 100 மீட்டர் பேக்கிங் பிளேட் நகர்கிற கணக்கு. பெயின்ட்டைத் தொடுவது பிளேட் இல்லை, நுரை. சாண்டரில் தாளுக்குப் பின்னால் கெட்டியான அடி இருக்கிறது. நமக்கு நடுவில் ஒரு இன்ச் நுரை. நின்றுபோன பேடைக் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். மேல்பாதி ஆடும், அடிப்பாதி பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். த்ரோ முழுவதையும் நுரை விழுங்கிவிடுகிறது. பேட் நின்றால் வெட்டாது.

நுரைவிரும்பி:
பேட் ஏன் நின்றது என்று இரண்டு பேருமே கேட்கவில்லையே. பாதி நேரம் காரணம் காம்பவுண்ட் அதிகமாகப் போனதுதான். நுரை ஊறிப்போனால் விறைப்பு போய்விடும், கனக்கும், அப்புறம் எங்கே சுற்றும்? ஒவ்வொரு செட்டுக்கும் நடுவில் பிரஷ் போட்டு பேடைச் சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கருவண்டி எந்த நிற பேட் பயன்படுத்தினார்? ஆரஞ்சு என்றால் கட்டிங் (கீறலை வெட்டியெடுக்கும் கெட்டி பேட்), அது வளைவுக்கு ஒத்துவராது.

கருவண்டி:
ஆரஞ்சு என்றால் கட்டிங் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஒரு கம்பெனிக்கு ஆரஞ்சு கட்டிங், இன்னொரு கம்பெனிக்கு மீடியம். நிறத்தை வைத்துப் பேட் வாங்கச் சொல்லித்தான் போன தடவையும் ஒருவருடைய பானட்டை ஹேஸ் (மங்கல்) ஆக்கிவிட்டீர்கள். நான் ஊறிய பேடில் ஓட்டவில்லை. காம்பவுண்ட் நாலு பட்டாணி அளவு, அவ்வளவுதான். வளைவில் நின்றது. நின்றதால் வெட்டவில்லை.

நுரைவிரும்பி:
அந்த ஹேஸுக்குக் காரணம் அவர் கடைசியில் மென்மையான ஃபினிஷிங் பேட் போடாமல் கட்டிங்கோடு நிறுத்தியது. நான் சொன்னதில் பிழை இல்லை. பழைய கதையை இழுக்காதீர்கள்.

புதுக்கை:
ஒரு சந்தேகம். பேட் தன்னைத்தானே சுற்றுவது வேறு, ஆர்பிட்டில் ஆடுவது வேறுதானே? "நின்றது" என்று ஒருவர் முதலாவதைச் சொல்கிறார், இன்னொருவர் இரண்டாவதை வைத்துப் பதில் சொல்கிறார் போலத் தெரிகிறது. எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் பேசிக்கொள்ளலாமா?

பழையகை:
20 வருடம் ரோட்டரி (ஆடாமல் சுற்ற மட்டும் செய்யும் பாலிஷர்) பிடித்த கை இது. டிஏ வருவதற்கு முன்னால் கோடு, மார்க்கர் எதுவும் கிடையாது, காதும் கையும்தான். மெஷின் சத்தம் மாறினாலே எனக்குத் தெரியும். ஆர்பிட் ஓடினால் வெட்டும். நானே என் வண்டியில் செய்து படமும் போட்டேன்.

கருவண்டி:
அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவோம். நிழலில் எடுத்த படம். வெயிலில் எடுத்துப் போடுங்கள் என்று மூன்று தடவை கேட்டேன், பதில் இல்லை. ரோட்டரி போட்ட பானட்டில் வெயில் பட்டால் ஹோலோகிராம் (மெஷின் விட்டுப்போன மெல்லிய கோடுகள்) தெரியும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுவும் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைக்காமல் எடுத்தது. காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும். துடைத்துவிட்டுப் பார்த்தால்தான் போனதா, ஒளிந்ததா என்று தெரியும். நீங்கள் "போய்விட்டது" என்று சொல்லும் கீறல் இரண்டு தடவை வண்டி கழுவினால் திரும்பி வரும். நின்ற பேட் எண்ணெயைத்தான் தடவும், வெட்டாது.

பழையகை:
என் வேலையைத் திருட்டு வேலை என்று சொல்கிறீர்கள். பரவாயில்லை. உங்களிடம் பெயின்ட் அளக்கும் மீட்டராவது இருக்கிறதா? எத்தனை மைக்ரான் எடுத்தீர்கள் என்று தெரியாமல் 3 இன்ச் பேடை ஒரே இடத்தில் வைத்து ஓட்டுவதுதான் ஆபத்து. சின்ன பேடில் சூடு சீக்கிரம் ஏறும்.

கருவண்டி:
மீட்டர் இருக்கிறது. அந்தக் கதவில் ஓட்டுவதற்கு முன்னால் 118 மைக்ரான், ஓட்டிய பின்னால் 116. அதில் நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமில்லாப் பூச்சான கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். அதனால்தான் சொல்கிறேன். பேட் நிற்கிறது என்று தெரியாதவர் என்ன செய்வார்? கீறல் போகவில்லையே என்று இன்னும் அழுத்துவார். அழுத்தினால் இன்னும் நிற்கும். அதே இடத்தில் சூடு ஏறும், வெல்க்ரோ பசை இளகும், விளிம்பில் வைத்திருந்தால் அங்கே ஏற்கெனவே மெல்லிசாக இருக்கும் கிளியர் கோட் போய்விடும். போனது திரும்ப வராது, ரீபெயின்ட் ஒன்றே வழி. உங்கள் ஒரு வரியை நம்பி ஒருவர் தன் முதல் வண்டியைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் இந்த இழை. அந்த வரியை எடுங்கள்.

நுரைவிரும்பி:
118, 116 என்பது மொத்தப் பெயின்ட்டின் தடிமன். அதில் கிளியர் கோட் எவ்வளவு என்று சாதாரண மீட்டர் பிரித்துக் காட்டாது. அதோடு 2 மைக்ரான் வித்தியாசம் அளவெடுப்பதிலேயே வரும். கருவண்டி இதைச் சாட்சியாக வைப்பது நியாயமில்லை.

கருவண்டி:
மீட்டரைப் பற்றிக் கேட்டவர் பழையகை. நான் சாட்சியாக வைப்பது கோட்டை. கோடு நின்றது, கீறல் நின்றது. கோடு சுற்றியது, கீறல் போனது.

பழையகை:
வரியை எடுக்க மாட்டேன். வளைவில் மெஷினைச் சாய்த்துப் பிடித்துவிட்டு மெஷின் மேல் பழி போடுகிறவருக்காக நான் எழுதியதை ஏன் அழிக்க வேண்டும்?

கருவண்டி:
சாய்க்கவில்லை. உள்வாங்கிய வளைவில் 5 இன்ச் பேடின் விளிம்பு மட்டும்தான் படும், நடு படாது, எப்படிப் பிடித்தாலும் அப்படித்தான். மறுபக்கக் கதவில் அதே வளைவு இன்னும் தொடாமல் இருக்கிறது. நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பாதியை 5 இன்ச்சிலும் மறுபாதியை 3 இன்ச்சிலும் ஓட்டி, ஐபிஏ போட்டுத் துடைத்து, வெயிலில் வைத்துப் படம் போடுகிறேன். நீங்களும் உங்கள் கதவில் கோடு போட்டு ஓட்டிப் போடுங்கள். நிழலில் வேண்டாம்.

பழையகை:
யாருக்கும் பரீட்சை எழுத நான் இங்கே வரவில்லை. ஆர்பிட் ஓடினால் வெட்டும்.

கருவண்டி:
பேட் நின்றால் வெட்டாது. அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது. இப்போது ஐந்தாவது ஆள் நன்றி சொல்லியிருக்கிறார்.