கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சிடி ஸ்கேன்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

அம்பாசமுத்திரத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 68, 15 வருஷமாகச் சுகர், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 1.6. வியாழக்கிழமை பாளையங்கோட்டையில் கான்ட்ராஸ்ட் ஊசி (ஸ்கேன் படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) போட்டு ஸ்கேன். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை அன்றைக்கே நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்துவிட்டுத்தான் தொடங்கணும் என்கிறார் எங்கள் டாக்டர், ஸ்கேன் எடுக்கிற இடத்தில் கேட்டால் ‘அதெல்லாம் வேண்டாம், வெறும் வயிற்றோடு வாங்க’ என்று போனை வைத்துவிட்டார்கள்.

எனக்குப் பெரிய பயம் வேறு. இரண்டு வருஷம் முன்னால் வேறோர் இடத்தில் அப்பாவுக்கு இதே ஊசி போட்டுப் பத்து நிமிஷத்தில் கழுத்து, முதுகெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பிவிட்டது, எந்த மருந்து என்று சீட்டில்கூட எழுதித் தரவில்லை. (மீன் ஒத்துக்காதவர்களுக்குத்தான் இது ஆகாது என்கிறார் சித்தி. அது வெறும் பேச்சு, அப்பா நெத்திலி இல்லாமல் சோறே உண்ண மாட்டார்.)

இப்படித் தடித்தவர்களுக்கு முந்தின நாளே ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்களாமே, யாராவது எடுத்திருக்கிறீர்களா? பழைய மருந்தின் பெயரை அந்த இடத்தில் எப்படிக் கேட்டு வாங்குவது?