மறு: எம்பிராய்டரி மென்பொருளில் ‘லெட்டரிங்’ – ‘எழுத்துருவாக்கம்’ சரியா?

குழுவினருக்கு வணக்கம்.

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுடன் சேர்ந்து இயங்கும் கட்டற்ற எம்பிராய்டரி நீட்சியான இங்க்/ஸ்டிட்ச்சைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ‘லெட்டரிங்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. இப்போதைக்கு ‘எழுத்துருவாக்கம்’ என்று போட்டு வைத்திருக்கிறேன். மனத்துக்கு ஒட்டவில்லை. வேறு சொல் தோன்றினால் சொல்லுங்கள்.

* * *

> இப்போதைக்கு ‘எழுத்துருவாக்கம்’ என்று போட்டு வைத்திருக்கிறேன்

நண்பரே, இது வேண்டாம். எழுத்து + உருவாக்கம் என்று நினைத்து நீங்கள் சேர்க்கிறீர்கள். படிப்பவர் எழுத்துரு + ஆக்கம் என்று பிரித்துக்கொள்வார். புணர்ந்தபின் இரண்டும் ஒரே வடிவம்தான். அதோடு, எம்பிராய்டரி எழுத்துருக்களைச் செய்வதற்கென்று தனிக் கருவிகளும் அதே மென்பொருளில் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் வைக்கும்போது என்ன செய்வீர்கள்?

சொல்லை விடுங்கள், முதலில் இந்தக் கட்டளை செய்யும் வேலையைப் பார்ப்போம். ஒரு பெயரைத் தட்டச்சு செய்து, எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, அளவு சொன்னால், துணியில் ஊசி எந்தெந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பதற்கான வடிவங்களை அது வைக்கிறது. பெரும்பாலான எழுத்துகள் சாட்டின் தையலால் ஆனவை. கோட்டின் இரு ஓரங்களுக்கும் இடையே நூல் போய்ப் போய்த் திரும்பும். நூல் இறுகும்போது துணியை உள்ளே இழுப்பதால் தைத்த கோடு திரையில் பார்த்ததைவிட மெலிந்துவிடும். அதற்காக ஓரங்களைக் கொஞ்சம் அகலமாக வைக்க வேண்டும். மேல்தையல் அமிழ்ந்துவிடாமலிருக்க அடியில் ஒரு தையலும் ஓட வேண்டும்.

கணினி எழுத்துருவை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். இங்கே முடியாது. இங்க்/ஸ்டிட்ச்சில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் எவ்வளவு வரை சுருக்கலாம், எவ்வளவு வரை பெருக்கலாம் என்று எல்லை உண்டு. வழக்கமான 40ஆம் எண் நூலில், எழுத்தின் உயரம் 5 மி.மீ.க்குக் கீழே இறங்கினால் உள்வெளிகள் நூலால் அடைபடத் தொடங்கும். அது ஆங்கில எழுத்துக்கு. நம் ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் அதற்கு முன்பே அடைந்துபோகும். புள்ளி இன்னும் தொல்லை: மெய்யெழுத்து வரும்போதெல்லாம் ஊசி மேலே தாவிச் சின்னதாக ஒரு புள்ளி தைத்து, முடிச்சிட்டு, திரும்பித் தாவ வேண்டும். ‘கொ’வில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்காருவதால், எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தையும் தனி அடுக்கில் (லேயரில்) வைக்கும் முறையில் எதை ஓர் எழுத்தாகக் கொள்வது என்ற கேள்வியும் எழும். (இதற்கு ஒரு தனி விவாத இழையே தொடங்கலாம்.)

நம் சொல்லுக்கு முக்கியமானது வேறு. இப்படி வைத்த எழுத்துத் தொகுதியைத் தேர்ந்தெடுத்து அதே கட்டளையை மறுபடி திறந்தால், முன்பு தட்டச்சு செய்த பெயர் அப்படியே நிற்கும். ‘முருகன்’ என்பதை ‘முருகவேல்’ என்று மாற்றலாம்; ஒவ்வொரு எழுத்துக்கும் பிறகு நூலை வெட்டுவதா, சொல்லுக்குப் பிறகா, வரிக்குப் பிறகா என்பதையும் மாற்றலாம். ஆனால் எம்பிராய்டரி எந்திரம் படிக்கும், டஜிமா நிறுவனத்தின் டிஎஸ்டி கோப்பாக ஏற்றுமதி செய்துவிட்டால் இதெல்லாம் போயிற்று. அந்தக் கோப்பில் 0.1 மி.மீ. கணக்கில் ஊசி நகரும் தூரங்களும் தாவல்களும் நிற மாற்றங்களும்தான் இருக்கின்றன. அங்கே ‘மு’ இல்லை. அந்த வடிவில் சில நூறு தையல்கள் இருக்கின்றன. அதைப் பெரிதாக்கினால் தையல்கள் விலகித் துணி தெரியும்.

ஆக, நமக்கு வேண்டியது ஒரு செயலின் பெயர் அல்ல, ஒரு பொருளின் பெயர். தைக்கப்படப் போகிற, ஆனால் இன்னும் எழுத்தாகவே திருத்தத் தக்க ஒன்று. என் பரிந்துரை: தையலெழுத்து. செயல்களை அதிலிருந்தே பெறலாம் – தையலெழுத்து சேர், தையலெழுத்தைத் திருத்து. டிஎஸ்டி ஆனபின் அதை வெறும் ‘தையல்’ என்றே சொல்ல வேண்டும்.

* * *

வணக்கம். நான் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடும் கடை வைத்திருப்பவள், மொழி அறிஞர் இல்லை. கடைக்கு வருபவர் யாரும் லெட்டரிங் என்றுகூடச் சொல்வதில்லை. ‘பாக்கெட்ல ஸ்கூல் பேர் போடணும்’ என்பார்கள். நாங்கள் ‘பஞ்சிங் பண்ணணும், நாளைக்கு வாங்க’ என்போம் – டிசைனை எந்திரத்துக்கான தையலாக மாற்றுவதைத்தான் அப்படிச் சொல்வோம். அவ்வளவுதான். ‘தையலெழுத்து’ என்றால் கையால் தைத்தது போலத் தோன்றுகிறது. ‘நூலெழுத்து’ எப்படி? நூலால் ஆன எழுத்து.

* * *

> ‘நூலெழுத்து’ எப்படி?

அம்மா, காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூலகம், நூலாசிரியர், நூல்வெளியீடு என்று பழகிப்போனதால் எழுத்தோடு சேர்ந்து வரும் ‘நூல்’ புத்தகமாகவே படும். எம்பிராய்டரி மென்பொருள் என்று தெரியாத இடத்தில் – உதவிப் பக்கத்தின் தேடல் முடிவில், எடுத்துக்காட்டாக – குழப்பம் வரும். ‘தையல்’ என்பதற்குப் பெண் என்று இலக்கியப் பொருள் உண்டு என்று யாராவது அடுத்துக் கிளம்புவார்கள். மெனுவில் அதை அப்படி யாரும் படிக்கப்போவதில்லை.

கையால் தைத்தது போலத் தோன்றுவது உண்மைதான். ஆனால் எந்திரம் போடுவதையும் தையல் என்றுதானே சொல்கிறோம்? தையல் மிஷின் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

நீங்கள் சொன்ன ‘பேர் போடுவது’ எனக்குப் பிடித்திருக்கிறது. கலைச்சொல்லாக அல்ல, விளக்கக் குறிப்பில். சுட்டியை மேலே வைத்தால் வரும் வரியில் ‘பெயர், வாசகம் போட’ என்று இருந்தால் கடைக்காரருக்கு உடனே புரிந்துவிடும். ‘பஞ்சிங்’கை அப்படியே விட்டுவிடலாம் என்பதே என் எண்ணம். தொழிலில் ஊன்றிய சொல்லைப் பிடுங்கி நடுவதில் லாபம் இல்லை.

* * *

இருவருக்கும் நன்றி. தையலெழுத்து என்று மாற்றிவிட்டேன். குறிப்பு வரியில் ‘பெயர் அல்லது வாசகம் போட’. ‘எழுத்துரு’ வரும் இடங்களில் கைவைக்கவில்லை.

அடுத்து, சாட்டினுக்கு அடியில் ஓடும் தையல். ‘அடித்தையல்’ என்று எழுதினால் ‘அடித்து’ என்று படிக்கத் தோன்றுகிறது. ‘கீழ்த்தையல்’ என்றால் துணியின் அடிப்பக்கம், பாபினிலிருந்து வரும் நூல் தெரிவதை நினைத்துக்கொள்வார்களோ? கடையில் இதை என்ன சொல்கிறீர்கள், அம்மா?