தளபதி: தேவாவை நல்லவனாக்கியது சரியா?

கூத்துப்பிரியன்:
மகாபாரதக் கர்ணன் கதையை வைத்து மணிரத்னம் எடுத்து, 1991 தீபாவளிக்கு வந்த ‘தளபதி’ படத்தைத் திரும்பப் பார்த்தேன். சூர்யா கர்ணன், தேவா துரியோதனன், கலெக்டர் அர்ஜுன் யாரென்று பெயரே சொல்லிவிடும். கர்ணன் சாகாமல் படம் முடிவதைப் பலர் குறை சொல்வார்கள். எனக்கு அது உறுத்தவில்லை. தேவாவைத் தங்கமான மனுஷனாக்கியதுதான் உறுத்துகிறது. பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்துவரச் சொன்னவன் துரியோதனன். அங்கே கர்ணனும் அவளை இழிவாகப் பேசினான். நன்றிக்கடன் அவன் மேலேயே கறையாகப் படிந்தது. தேவாவோ ஏழைகளுக்குத் துணை நிற்கும் தாதா. அவன் பக்கம் நிற்பதில் சூர்யாவுக்கு என்ன நஷ்டம்?

வடக்குவீதி:
சூர்யா காதலித்த சுப்புலட்சுமி நஷ்டமில்லையா? அவளை அர்ஜுனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். ரமணாவைக் கொன்ற சூர்யாவே, அவன் மனைவி பத்மாவையும் குழந்தையையும் காப்பாற்ற வேண்டி வருகிறது. பத்மாவுக்கு இணையாக பாரதத்தில் யாரும் இல்லை. அடிதடியின் விலையைத் தினமும் சூர்யாவின் கண்முன்னே நிறுத்துவது அவள்தான்.

கூத்துப்பிரியன்:
பத்மா அருமையான பாத்திரம், மறுக்கவே இல்லை. ஆனால் ரமணா கொலை நடந்தது தேவாவின் நட்புக்கு முன்பு. சுப்புலட்சுமி கைவிட்டுப் போனது சூர்யா ரவுடி, பெற்றவர் யாரென்று தெரியாதவன் என்பதால். இரண்டுமே நட்புக்குக் கொடுத்த விலை இல்லையே.

மணல்மேடு:
துரியோதனனின் கெட்டதையெல்லாம் வழித்தெடுத்து வில்லன் கலிவரதன் தலையில் கட்டிவிட்டார்கள். பிறகு தேவாவிடம் என்ன மிஞ்சும்?

வடக்குவீதி:
தேவா நல்லவனாக இருப்பதால்தான் அந்தக் காட்சி சாத்தியமாகிறது நண்பரே! பாரதத்தில் கர்ணன் தன் பிறப்பை வெளியே விடவேண்டாம் என்று கண்ணனிடம் கேட்டுக்கொள்கிறான். இங்கே அர்ஜுன் தன் தம்பி என்று சூர்யா தேவாவிடமே சொல்கிறான். தெரிந்தும் என்னோடு நின்றாயே என்று தேவா உருகி, சண்டையையே விடத் துணிகிறான். நட்புக்கு இப்படியொரு வாய்ப்பை வியாசர் தரவில்லை. குந்தி பாண்டவர்களிடம் கர்ணனை ‘என் மகன்’ என்று சொன்னது அவன் செத்த பிறகு. சூர்யாவின் தாய் கல்யாணி, அவன் உயிரோடு இருக்கும்போதே சொல்கிறாள். இதற்காகத்தான் கதையை மாற்றினார் மணிரத்னம் என்பேன்.

கூத்துப்பிரியன்:
தேவாவாக நடித்த மம்முட்டி அந்தக் காட்சியில் அசத்துவார், சரி. ஆனால் மனம் மாறுவதற்கு முதலில் மாற வேண்டிய மனம் வேண்டும். தேவா யாருக்காவது ஒரேயொரு அநியாயம் செய்து, சூர்யா அதைத் தெரிந்தே தாங்கியிருந்தால், தேவா சண்டையை விடும் அந்த இடம் எத்தனை மடங்கு கனத்திருக்கும்! துரியோதனனை எடுத்துக்கொண்டு சபையை விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

வடக்குவீதி:
அந்தச் சபை இருந்தால் தேவா சாகும்போது நான் அழுதிருக்கமாட்டேன்.