தை நோம்பிக்கு வயசானவங்க சாப்பாடு: சர்க்கரை மாத்திரை, ஒப்புட்டு, பல் செட்டு

கோபிக்காரன்:
தை நோம்பிக்கு வீட்டுல அப்பாரு (78), ஆத்தா (72) ரெண்டு பேரும் இருப்பாங்க. அப்பாருக்குச் சர்க்கரை, பிரஷர். காலையில சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு, மெட்பார்மின், பிரஷருக்கு மெட்டோபிரோலால். ஆத்தாவுக்குப் பல் செட்டு, பிரஷருக்கு டெல்மிசார்ட்டான். பொங்கல் வெச்சு முடிக்கப் பத்து மணி ஆயிரும். சாமி கும்பிடாம அப்பாரு பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாரு. மத்தியானம் ஒப்புட்டு (போளி), மறுநாள் ராத்திரி மாட்டுப் பட்டியில பட்டிப் பொங்கல், அதுக்கப்புறம் பூப்பறிக்கப் போற பூ நோம்பி. எதைக் குறைக்கறது, எதை மாத்தறதுங்க?

பவானி நர்ஸ்:
முதல்ல பாக்க வேண்டியது ஒப்புட்டை இல்லீங்க, கடிகாரத்தை. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை. சோறு வந்தாலும் வராட்டியும் அது வேலையைப் பார்க்கும். வழக்கம்போல ஏழரைக்குப் போட்டுட்டுப் பத்து மணி வரைக்கும் வெறும் வயித்தோட நின்னா சர்க்கரை 70க்குக் கீழ இறங்கிரலாம். அதை முதல் சாப்பாட்டோடதான் போடோணும். விரதத்தை விடமாட்டேன்னா, அன்னைக்கு எத்தனை மணிக்கு எதைப் போடறதுன்னு முந்தின வாரமே டாக்டர்கிட்ட எழுதி வாங்கிருங்க. நீங்களா பாதியா உடைச்சுக் கொடுக்காதீங்க.

இன்னொன்னு. மெட்டோபிரோலால் போடறவங்களுக்குச் சர்க்கரை இறங்கினா கை நடுக்கம், படபடப்பு சரியாத் தெரியாது, வேர்வைதான் காட்டிக்கொடுக்கும். சம்பந்தமில்லாமப் பேசுவாங்க, சிடுசிடுன்னு விழுவாங்க, வீட்டுல பசிக் கோபம்னு விட்டுருவாங்க. உடனே குளுக்கோமீட்டர்ல பாருங்க. 70க்குக் கீழன்னா 15 கிராம் சர்க்கரை, அதாவது மூணு டீஸ்பூன், தண்ணியில கலக்கிக் கொடுத்து 15 நிமிஷத்துல மறுபடி பாருங்க. ஏறலைன்னா இன்னொரு தடவை. அவசரத்துக்கு ஒப்புட்டு ஆகாது. நெய்யும் பருப்பும் சேர்ந்து சர்க்கரை ரத்தத்துல ஏறறதைத் தாமதமாக்கும். ஏறினதும் சாப்பிட வெச்சிருங்க. மாத்திரை நாள் பூரா வேலை செய்யறதால மறுபடி இறங்கலாம். நினைவு தப்பினா வாயில ஒண்ணும் ஊத்தாம 108ஐக் கூப்பிடுங்க.

அடுப்படி:
ஒப்புட்டுக் கணக்கு: 100 கிராம் கடலைப்பருப்பு, 100 கிராம் வெல்லம் போட்டா சின்னதாப் பத்து வரும். ஒண்ணுல 10 கிராம் வெல்லம், மைதா தனி. வெல்லத்தை 60 கிராமாக் குறைக்கலாம். ஆனா பூரணம் வறண்டு, தட்டறப்ப விண்டு போகும். அதுக்குப் பருப்பை விரலால நசுக்கினா மசியற பதத்துல வேகவெச்சு, தண்ணியைச் சுத்தமா வடிச்சு அரைச்சு, ரெண்டு கரண்டி தேங்காய்த் துருவலும் சேர்த்துக் கிளறுங்க. ஏலக்காயும் சுக்கும் கொஞ்சம் தூக்கலா இருந்தா இனிப்புக் குறைஞ்சது நாக்குக்குத் தெரியாது. ஆளுக்கு ஒண்ணு, சோத்துல ஒரு கரண்டியைக் கழிச்சுக்கிட்டு.

சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு டம்ளர் பச்சரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, முக்கால் டம்ளர் வெல்லம் போதும். அரிசி நல்லாக் குழையறதுக்கு முன்னாடி வெல்லத்தைக் கொட்டிட்டா அப்புறம் எவ்வளவு நேரம் கிண்டினாலும் விதை விதையா நிக்கும். பல் செட்டுக்காரங்க மெல்ல முடியாம அப்படியே முழுங்குவாங்க.

ஆத்தாவுக்கு முறுக்கு வேண்டாம். எள்ளை வறுத்து வெல்லத்தோட இடிச்சுப் பிடிக்கிற உருண்டை பல்லுக்கு இதம். பாகு ஊத்திப் பிடிச்சது செட்டையே பெயர்த்துரும். சந்தவையும் (இடியாப்பம் மாதிரி) நல்லதுதான், தேங்காய்ப் பாலை அளவா ஊத்துங்க.

நொய்யல்கரை:
இலையில பரிமாறற வரிசையை மாத்துங்க. முதல்ல அவரைக்காய்ப் பொரியல், மொச்சை, பச்சைப்பயறு கடைசல். பாதி வயிறு ஆனதும் சோறு. ஒரேயடியாச் சோத்துல ஆரம்பிக்கறதைவிடச் சர்க்கரை மெதுவா ஏறும். நிறையச் சோறு தின்ன பிறகு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல வயசானவங்களுக்குப் பிரஷர் இறங்கித் தலை சுத்தும். பட்டிக்குள்ள, ஈரத் தரையில, மாடுக நடுவுல அது நடந்தா இடுப்பெலும்புதான். அதனால பட்டிக்குப் போறதுக்கு முன்னாடி லேசாத் தின்னுட்டு, பூசை முடிஞ்சு வந்து உக்காந்து மிச்சத்தைச் சாப்பிடட்டும். எந்திரிக்கறப்பக் கொஞ்சம் நிதானிக்கோணும்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, மட்டமா ஒரு டீஸ்பூன். அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய் மூணும் ஒரே இலையில விழுந்தா அது தாங்காது. ஒண்ணை மட்டும் வைங்க. கடையில 'சோடியம் குறைஞ்ச உப்பு'ன்னு விக்கறதுல பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்ட்டான் போடற ஆத்தாவுக்கு ரத்தத்துல பொட்டாசியம் ஏறிரும், டாக்டரைக் கேக்காம அதை வாங்காதீங்க.

கோபிக்காரன்:
நாட்டுச் சர்க்கரை போட்டா அப்பாரு இன்னொரு ஒப்புட்டு தின்னலாமுங்களா?

அடுப்படி:
இல்லீங்க. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, வெள்ளைச் சர்க்கரை எல்லாமே பெரும்பகுதி சுக்ரோஸ்ங்கற ஒரே சர்க்கரைதான். நிறத்தைப் பாத்துச் சர்க்கரை குறைவா ஏறாது. கலப்படமில்லாத வெல்லம்னு சொல்லித்தான் மூணாவது ஒப்புட்டு உள்ள போகுது.

பவானி நர்ஸ்:
சந்தேகமா இருந்தா மீட்டர்கிட்டயே கேளுங்க: முதல் வாய் வெச்சதுல இருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை. பூ நோம்பிக்குக் கட்டுச்சோத்தோட கிளம்பறப்ப மீட்டர், ஸ்ட்ரிப், ஒரு பொட்டலம் சர்க்கரை, தண்ணி பாட்டில் எல்லாம் பின்னாடி வர்ற வண்டியில இல்லாம அப்பாரு கூட இருக்கறவங்க பையில இருக்கட்டும்.